பார்க்காமல் திறந்த கை

பாரிஸ், அக்டோபர் 4

இல்லை, வாள் கட்டாயமில்லை அக்கா. பெண்கள் வேண்டாமென்று சொல்லிவிடலாம். அகாதமியின் பச்சை அங்கியிலிருந்துதான் தப்ப முடியாது. தையற்காரர் இரண்டு முறை வந்து அளவெடுத்தார். "மூச்சை இழுக்காதீங்க மதாம், சாகற வரைக்கும் போடப்போற துணி" என்றார்.

நீ எப்படி இருக்கிறாய்? முட்டி வலி குறைந்ததா? நான் நலம். இருமல் மட்டும் விடவில்லை.

என்னை அகாதமிக்குத் தேர்ந்தெடுத்ததைத் தொலைபேசியில் சொன்னார்கள். நான் அப்போது கீரை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தேன். தத்துவக்காரர்கள் என்னை நாவலாசிரியை என்பார்கள், நாவலாசிரியர்கள் தத்துவக்காரி என்பார்கள். இரண்டுமே வசவுதான். இனி இரு தரப்பும் கொஞ்சம் தணிந்த குரலில் திட்டுவார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

இன்னொன்று. அகாதமியில் புதிதாக வருகிறவர், தனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்து இறந்தவரைப் புகழ்ந்து பேச வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுதான் வழக்கம். மார்ச்சில் என் முறை.

எனக்குக் கிடைத்திருப்பது தெனி வோக்லேரின் நாற்காலி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஒதில்

*

போர்-லான்வெக், அக்டோபர் 22

ஒதில்,

முட்டி இருக்கிறது. வலியும் அதோடு இருக்கிறது. உன் இருமலுக்குத் தேன் போடு, சிகரெட்டை விடு.

ஊரில் உன் பேச்சுதான். ரொட்டிக்கடை முழுக்க ஆட்கள் நிற்கும்போது கடைக்காரி கத்துகிறாள்: "அனிக்கு, ஒன் தங்கச்சிக்கு இனிமே சாவே கிடையாதாமே! பேப்பர்ல போட்டிருக்கான். அகாதமிக்காரங்களுக்குச் சாவில்லாதவங்கன்னு பேராம்."

"அப்ப காலியான அந்த நாற்காலி எங்கேருந்து வந்துச்சு?"

"அது தெரியலையே."

"ஒரு சாவில்லாதவரு செத்ததால வந்துச்சு. ரொட்டியக் குடு."

மேயர் நூலகத்துக்கு உன் பெயர் வைக்கப் போகிறாராம். உன் புத்தகங்களில் மூன்றுதான் அங்கே இருக்கின்றன. அதில் ஒன்று நான் கொடுத்தது.

தண்ணீர் இன்னும் சூடாகவே இருக்கிறது. பண்ணையில் சிப்பி மெலிவு. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் சதை பிடிக்க வேண்டும்.

நாற்காலி பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

கன்னத்தில் முத்தங்கள், நம் ஊர்க் கணக்குப்படி.
அனிக்

*

பாரிஸ், நவம்பர் 7

அக்கா,

நலமா? சிப்பி சதை பிடிக்கிறதா?

புகழுரையைத் தொடங்கிவிட்டேன். பாரிசில் வோக்லேர் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். பாரிசுக்கு முந்தைய அந்த ஒரு வருடம்தான் யாருக்கும் தெரியாது. நம் ஊர் உயர்நிலைப் பள்ளியில் எனக்குத் தத்துவ வாத்தியாராக வந்த வருடம். அவருக்கு இருபத்து நான்கு, உனக்கு இருபது. நம் சிப்பிக் கொட்டகைக்கு மேலே அப்பா வாடகைக்கு விட்ட அறை. எனக்குப் பதினேழு. சட்டைக் கையில் சாக்பீஸ் தூசி இருந்தது நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் மங்கல்.

அவருடைய முதல் புத்தகத்தில் அந்தப் பக்கம். ஒரு பெண்ணின் கை குளிரில் சிப்பி திறக்கிறது. 'அவள் பார்க்காமலே திறந்தாள். அறிவு என்று நாம் சொல்வது இதற்குப் பிறகு வருவது.' இந்த இரண்டு வாக்கியங்களை விளக்கி எத்தனை ஆய்வேடுகள் வந்துவிட்டன தெரியுமா? 'வோக்லேரின் கை' என்றால் எந்தத் தத்துவ மாணவனும் தலையாட்டுவான். வெறும் உதாரணம் என்பார்கள் சிலர். மனைவியின் கை என்பார்கள் சிலர்.

அவர் என்ன சாப்பிடுவார்? பாடுவாரா? எது நினைவிருந்தாலும் எழுது.

ஒதில்

*

போர்-லான்வெக், நவம்பர் 28

ஒதில்,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கேட்டதற்கு: கோதுமை தோசை, கறுப்புக் கோதுமை, இரண்டு முட்டை உடைத்து ஊற்றியது. நண்டுக்குப் பயப்படுவார். பாடுவார். குரல் சுமார். மழை பெய்தால் கொட்டகைக் கூரைச் சத்தத்தில் தைரியமாகப் பாடுவார்.

கை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறாய். இங்கே எல்லோர் கையும் அப்படித்தான் திறக்கும். பார்த்துத் திறந்தால் விரல் போகும்.

பக்கத்துப் பண்ணை ஈவோனின் பேத்திக்குத் தத்துவப் பரீட்சைக்கு அந்தப் பக்கத்தைப் பாடம் நடத்தினார்களாம். வந்து என்னிடம் கேட்கிறாள்: "அனிக் அத்தை, இதுக்கு என்ன அர்த்தம்?"

"கத்திய இடது கைக்கு நேரா பிடிக்காதேன்னு அர்த்தம்" என்றேன். அதையே எழுதி வைத்தாளாம். ஆசிரியர் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்.

உன் பதினொரு நாவலையும் படித்துவிட்டேன் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? அப்பா வருகிறார். நாய்கூட வருகிறது. ஒன்றிலும் ஓர் அக்கா இல்லை. குறை சொல்லவில்லை. சும்மா, எண்ணிப் பார்த்தேன்.

அனிக்

*

பாரிஸ், டிசம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முட்டி?

கடைசிப் பத்தியை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாவலில் உன்னை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் பொய்யாக வந்தது. நன்றாக எழுதப்பட்ட பொய். கிழித்துவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன். அது உன் கை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் உனக்கும் இடையில் நடந்தது எதுவும் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் மட்டும். அகாதமி மண்டபத்தில், அந்தக் கை என் அக்கா அனிக் கெமெரேயின் கை என்று சொல்லட்டுமா?

அவருடைய மனைவி மார்த் முன்வரிசையில் இருப்பார். அதனால் உன் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன். சும்மா ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள், அவருக்கும் வலிக்கும், பலன் ஒன்றும் இராது.

உரையை முன்கூட்டியே அகாதமிக் குழுவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஜனவரி இருபத்தொன்று. அதன்பின் அச்சுக்குப் போய்விடும். ஒரு கால்புள்ளிகூட மாறாது. அதற்குள் ஒரு சொல் எழுது. ஆம், அல்லது வேண்டாம். இரண்டும் எனக்குச் சரிதான்.

(இல்லை. இரண்டும் சரியில்லை.)

ஒதில்

*

பாரிஸ், ஜனவரி 16

அக்கா,

புத்தாண்டு உனக்கு உடல்நலத்தோடு தொடங்கியிருக்கட்டும்.

சிப்பிப் பெட்டி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. நன்றி. சதை பிடித்திருந்தது. கடற்பாசியை எல்லாம் விலக்கிப் பார்த்தேன். வருடாவருடம் அடியில் ஒரு சீட்டு வைப்பாய். 'காத்திராதே, திற' என்று. இந்த வருடம் சீட்டு இல்லை.

தொலைபேசலாம் என்று கையில் எடுத்தேன். தொலைபேசியில் உனக்குக் காது கேட்காது. ஈவோனிடம் கத்திச் சொல்லி அவர் உன்னிடம் கத்திச் சொல்கிற விஷயமா இது?

புரிந்துகொண்டேன். வியாழக்கிழமை குழுவின் முன் படிக்கப்போகும் பிரதியில் அந்த வாக்கியம் இல்லை. 'கடலோரத்தில் ஒரு வருடம் ஆசிரியராக இருந்தார், மழை பெய்தால் கொட்டகைக் கூரைக்குக் கீழே பாடுவார்' என்று மட்டும் இருக்கிறது. கை உதாரணமாகவே இருக்கட்டும்.

கேட்டதே தப்பு என்றால் மன்னித்துவிடு.

ஒதில்

*

போர்-லான்வெக், பிப்ரவரி 11

ஒதில்,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்றுத்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள்.

உன் டிசம்பர் கடிதம் வந்தபோது கிறிஸ்துமஸ் நெருக்கடி. ஆளுக்கு இரண்டு மணி நேரம் தூக்கம். உனக்குப் போன பெட்டியை ஈவோன்தான் கட்டினான். சீட்டைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? இதற்கு நிதானமாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டும், விற்பனை முடியட்டும் என்று கடிதத்தை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தேன். இருபத்தெட்டாம் தேதி படகுச் சரிவில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு.

ஈவோன் சொன்னான்: "சொல்லு அனிக், நான் எழுதறேன். தங்கச்சிக்குத்தானே?"

"ஒன் கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும்."

"பரவாயில்ல, அகாதமிக்காரங்க படிச்சுக்குவாங்க. சொல்லு, என்ன எழுதணும்?"

"ஒண்ணுமில்ல போ. காப்பி போடு."

இதை இன்னொருவர் கையால் எழுத முடியுமா, நீயே சொல். இடது கையால் முயன்றேன். 'ஆ' வரைக்கும் வந்தது. அதைப் பார்த்தால் எனக்கே அழுகை வந்தது, எறிந்துவிட்டேன். பிறகு உன் ஜனவரிக் கடிதம் வந்தது.

சொல், ஒதில். அது என் கைதான்.

கடல் உள்வாங்கும் வற்றக் காலத்தில் சிப்பி வலைப்பைகளைத் திருப்பிப் போட என்னோடு வருவார். திரும்பி வந்து கொட்டகைப் படியில் உட்கார்வோம். நான் திறப்பேன், அவர் சாப்பிடுவார். பேசிக்கொண்டே இருப்பார். ஜூலையில் கிளம்பும்போது "வா" என்றார். அப்பாவுக்கு அப்போது நெஞ்சு சரியில்லை. வேலை முடியட்டும், வருகிறேன் என்றேன். சிப்பியில் வேலை முடிவதே இல்லை. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கம் வந்ததும் மூடிவிட்டேன். அப்புறம் திறந்தேன். என் பெயர் இல்லை. அன்று நிம்மதியாக இருந்தது. இப்போது ரொட்டிக்கடையில் நிற்கும்போது, ஈவோன் பேத்தி பாடம் கேட்கும்போது, அந்தக் கையை இந்தப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, சத்தமாகச் சொல்லட்டும்.

தாமதமாகிவிட்டதா?

அனிக்

*

பாரிஸ், பிப்ரவரி 16

அக்கா,

கை இப்போது எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? பாரம் தூக்காதே.

ஆம். தாமதமாகிவிட்டது.

அகாதமிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். மிக நல்ல மனிதர். "மதாம் கெமெரே, அச்சடிச்சாச்சு. பத்திரிகைக்கும் அனுப்பியாச்சு. மண்டபத்துல ஒங்க பேச்சுக்குப் பதில் பேசப்போறவரும் இந்தப் பிரதியப் பாத்துத்தான் எழுதியிருக்கார். இங்க யாரும் பிரதிய விட்டு விலகினது கிடையாது" என்றார். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

பெட்டியில் சீட்டு இல்லையே என்பதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். வாக்குறுதியைப் பற்றி நானூறு பக்கம் எழுதினவள் நான். காத்திருக்கத் தெரியவில்லை.

மார்ச் பத்து, வியாழன். குடும்பத்தினர் இருக்கையில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன். முப்பது வருடமாகக் கூப்பிடுகிறேன், இம்முறையாவது வா. பெயர் இல்லாவிட்டாலும் நீ இருப்பாய்.

ஒதில்

*

போர்-லான்வெக், மார்ச் 15

ஒதில்,

நலமா? அங்கி கனமாக இருந்ததா? படத்தில் பார்த்தால் உனக்குத் தோள் வலித்திருக்கும் போலிருந்தது.

நான் வராததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. பத்தாம் தேதி இந்த வருடத்தின் ஆகப் பெரிய வற்றம். சிப்பிப் பைகளின் கடைசி வரிசைகள் அன்று மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே வரும். அகாதமி தேதி வைக்கும்போது நிலாவைப் பார்ப்பதில்லை. இரண்டரை மணிக்கு இடுப்பளவு பூட்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நீ அப்போது பேசிக்கொண்டிருந்திருப்பாய். கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் நின்றேன். ஈவோன், "என்னா, மயக்கமா?" என்றான்.

மறுநாள் பேப்பரில் உன் உரை முழுவதும் வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். நன்றாக இருந்தது. நீ சொன்னபடிதான். 'கடலோரத்தில் ஒரு வருடம்.' இல்லை என்று தெரிந்தும் தேடினேன், பார்த்தாயா.

ரொட்டிக்கடைக்காரி வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள்.

அனிக்

*

பாரிஸ், மார்ச் 18

அக்கா,

நான் சொன்னேன்.

பேப்பரில் வந்தது அச்சுப் பிரதி. மண்டபத்தில் நடந்தது வேறு. கையைப் பற்றிய பத்திக்கு வந்தேன். படித்தேன். அடுத்த பத்திக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுத்தேன். "அந்தக் கைக்குச் சொந்தக்காரி என் அக்கா, அனிக் கெமெரே. போர்-லான்வெக்கில் இருக்கிறாள். இந்த நேரத்தில் கடலில் இருப்பாள்" என்றேன்.

யாரோ இருமினார். பின்னால் தாள் புரட்டும் சத்தம். வரியைத் தேடுகிறார்கள். மார்த் வோக்லேர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. மீதியைப் படித்து முடித்தேன். விருந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நடக்காதது போல நடந்துகொள்வதில் இங்கே எல்லோருக்கும் நல்ல பயிற்சி.

வானொலியில் பத்து நிமிடம் போட்டார்கள். தொடக்கம் மட்டும். நகல் எதுவும் என்னிடம் இல்லை. என் சொல்தான் இருக்கிறது.

கை தேறிவருகிறதா?

ஒதில்

*

போர்-லான்வெக், மார்ச் 27

என் ஒதில்,

கை தேறிவிட்டது. குளிரில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

உன் கடிதத்தை நிறைய முறை படித்தேன். யாரோ இருமினார், தாள் புரட்டும் சத்தம். அழகாக எழுதியிருக்கிறாய். அதுதான் சிக்கல். நீ சின்ன வயதில் நாய் செத்துப்போனபோது, அது பக்கத்து ஊரில் நலமாக இருக்கிறது என்று தினம் ஒரு கதை சொல்லி என்னைத் தேற்றினாய். அந்தப் பக்கத்து ஊரில் அதற்கு ஒரு சிநேகிதிகூட இருந்தாள்.

பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. எனக்காக ஒரு வாக்கியம் எழுதினாயே, அதற்கு நன்றி. பதினொரு நாவலிலும் எழுதாதது. அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் சத்தமாகச் சொல்லப்பட்டது என்று நினைத்துக்கொள்ள முயல்கிறேன், முடியவில்லை. ஒருவர் கேட்டிருந்தால்தானே அது சத்தம்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். ஏப்ரலில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுச் சிப்பிகள் வருகின்றன, வேலை தலைக்கு மேல்.

முத்தங்கள்.
அனிக்

*

பாரிஸ், ஏப்ரல் 6

மதாம் அனிக் கெமெரே அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒருவர் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முகவரியை உங்கள் தங்கையிடம் கேட்கவில்லை. போர்-லான்வெக், சிப்பிப் பண்ணை என்று மட்டும் உறையில் எழுதுகிறேன். வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

மார்ச் பத்தாம் தேதி மண்டபத்தில் உங்கள் பெயரை முதல்முறையாகக் கேட்டேன். கையிலிருந்த பிரதியில் இல்லாத வரி அது. நீங்கள் அந்த நேரத்தில் கடலில் இருப்பீர்கள் என்றும் அவர் சொன்னார்.

எழுதலாமா என்று நான்கு வாரம் யோசித்தேன். எனக்குக் கோபமா என்று பார்த்தேன். கோபம்தான், ஆனால் உங்கள் மீது இல்லை. முப்பத்தெட்டு வருடம் மாணவர்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இதானா மதாம் அந்தக் கை?" என்று ஒருவன் கேட்டேவிட்டான். தெனி சிரித்தார். மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எனக்குச் சிப்பி திறக்கத் தெரியாது. மீன்கடைக்காரர்தான் திறந்து கொடுப்பார்.

அவர் உங்கள் ஊரில் பாடுவாராமே, உங்கள் தங்கை உரையில் ஓரிடத்தில் குறிப்பிட்டார். இந்த வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை. கொட்டகைக் கூரை எங்களிடம் இல்லை, அதனாலாக இருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். விருப்பமில்லை என்றால் பதில் வேண்டாம். அந்தப் பக்கத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'அவள் பார்க்காமலே திறந்தாள்.' எல்லோரும் கையைப் பற்றியே எழுதினார்கள். கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கையைப் பார்க்காமல், நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

மரியாதையுடன்,
மார்த் வோக்லேர்

*

அனிக் மார்த்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். தேதியைப் போட்டாள். அதற்கு மேல் எழுதவில்லை. குஞ்சுச் சிப்பிகளை ஈவோனிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலைப் பேருந்தில் ரென் நகரம் போய், மார்த்தின் உறையிலிருந்த முகவரியோடு அங்கிருந்து பாரிசுக்கு ரயில் ஏறினாள்.